கண்ணை மூடிக்கொண்டிருந்த நாற்பது பேர்

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னது ஸ்டெல்லாதான் மேடம். போன வருஷம் எங்கள் சபை அசன விருந்தன்று, மூன்றாம் பந்தி எழுந்து இலை எடுக்கிற நேரத்தில் சொன்னாள். உட்காருங்கள், ஃபேன் அடியில் உட்காருங்கள். குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசில் உங்களுக்கு முன்னால் இருந்த மல்லிகா மேடம் மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்று போனில் சொன்னீர்கள். நீங்கள் ஃபைலைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அந்த ஃபைலில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். சுருக்கமாகத்தான் சொல்வேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

ஸ்டெல்லா பெண்பிள்ளைகள் ஹோமில் சமையல் செய்கிறவள். எட்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு. நான் எட்டோடு நின்றேன், அவள் ஒன்பதோடு நின்றாள், அதில் அவளுக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. வருஷா வருஷம் ஹோம் பிள்ளைகளை எங்கள் அசனச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். அன்றைக்குப் பந்தியில் குழம்பு வாளி என் கையில். குழம்பு வாளி எடுத்தால் எனக்குக் கை நிற்காது. போதும் என்கிறவர்களுக்கும் ஊற்றுவேன். சாப்பாட்டில் என்ன போதும்?

வரிசையில் கடைசியாக ஒரு பிள்ளை, ஒன்பது வயசு. அவள் பேரை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் இனிமேல் அது என் வாயால் வராது. 'பிள்ளை' என்றே சொல்கிறேன். அந்தப் பிள்ளை இலைக்கு மேலே கையை வைத்து, "போதும்" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து நான் ஊற்றிவிட்டேன். குழம்பு சுடச்சுட அவள் கைமேல் விழுந்தது. நான் பதறிப்போய் வாளியைக் கீழே வைத்தேன். அவள் கையை உதறக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "பரவால்ல ஆன்ட்டி" என்றாள்.

ஒன்பது வயசுப் பிள்ளை பரவாயில்லை என்று சொல்லக் கூடாது மேடம். அழ வேண்டும். இல்லையென்றால் ஏன் ஊற்றினாய் என்று கேட்க வேண்டும். என் மகள் பெனிட்டாவாக இருந்தால் பந்தல் கால் ஆடியிருக்கும்.

இலை எடுக்கும்போது ஸ்டெல்லாவிடம் கேட்டேன், யார் அந்தப் பிள்ளை என்று. "லீவு விட்டா எல்லாப் பிள்ளையளையும் சித்தி, மாமான்னு யாராவது வந்து கூட்டிட்டுப் போவாவ. இவள கூப்பிட ஆளு கிடையாது. எங்கூட அடுப்படியில கிடப்பா" என்றாள். பிறகு, "ஏட்டி, இப்ப ஒரு வழி இருக்கு. தத்து எடுக்குறது வேற, இது வேற. வீட்டுல வச்சு வளக்கலாம். அவ சொந்தத்துல ஆள் வந்து கேட்டா திருப்பிக் குடுக்கணும். அதுக்கு மனசு உள்ளவதான் எழுதிக் குடுக்கணும்" என்றாள். எச்சில் இலைக்கட்டு என் இரண்டு கையிலும் இருந்தது. நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் துரைசிங். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர். பேசுவது குறைவு. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"ஜெபிச்சியா?" என்றார்.

"ஜெபிச்சேன்."

"என்ன பதில் வந்துது?"

"உங்கட்ட கேக்கச் சொல்லி வந்துது."

"அப்ப அவரு நைசா நழுவிட்டாரு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஆதார் கார்டு இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்த போட்டோ கேட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று எடுத்த போட்டோவே இல்லை. ஸ்டுடியோவில் போய் நின்றோம். அந்தப் பையன் "கிட்ட நில்லுங்க, கிட்ட நில்லுங்க" என்று மூன்று தடவை சொன்னான்.

பிள்ளைகளுக்குச் சொன்னதில்தான் சத்தம். மகன் ஜெனிஸ்டன் பெங்களூரில். "ஒனக்குப் பிள்ளை வளக்கணும்னா இங்க ஒண்ணு டேகேர்ல கிடந்து அழுவுது. அத வந்து வளரு" என்றான். "பேரன் அழுதா வந்து தூக்க நீங்க ரெண்டு பேரு இருக்கியள்லா" என்றேன். போனை வைத்துவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது. அப்போதே வேலை போய் மூன்று மாசம், இன்றைக்கும் மருமகள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, அது அவன் மாமனாருக்கே தெரியாது. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

மகள் பெனிட்டா கோயம்புத்தூரில். "என் ரூமையா குடுக்கப் போற?" என்று கேட்டாள்.

"நீ அந்த ரூமுல படுத்து மூணு வருஷம் ஆச்சு."

"அதுக்காக? அது என் ரூம் இல்லன்னு ஆயிருமா?"

எதையெல்லாம் தொடக் கூடாது என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்பினாள். பதினேழு சாமான். மூன்றாம் வகுப்பில் பரிசு வாங்கின சோப்பு டப்பாவும் அதில் உண்டு. பதினேழையும் அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் போட்டேன். எனக்குப் பிள்ளைகள்மேல் கோபம் கிடையாது. பெற்றவளுக்குக் கோபம் வராது. அதற்குப் பிறகு இரண்டு மாசம் நான் அவர்களுக்குப் போன் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் பயிற்சி. எங்களோடு இன்னும் நாலு ஜோடி. ஒரு சின்னப் பெண் பாடம் எடுத்தாள். ஆளுக்கு ஐந்து சீட்டு கொடுத்து, உங்களுக்கு ரொம்ப வேண்டியது ஐந்து எழுதுங்கள் என்றாள். நான் வீட்டுக்காரர், ஜெனிஸ்டன், பெனிட்டா, சொந்த வீடு, என் ஜெபம் என்று எழுதினேன். அவள் ஒவ்வொருவரிடமும் வந்து சீட்டை ஒன்றொன்றாகப் பிடுங்கினாள். வீட்டைக் கொடுத்தேன். பிள்ளைகளைக் கொடுத்தேன். வீட்டுக்காரரையும் கொடுத்தேன், பக்கத்தில் அவர் தொண்டையைச் செருமினார். கடைசிச் சீட்டுக்குக் கை நீட்டினாள். தர மாட்டேன் என்று மடக்கிப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, இந்தப் பிள்ளைங்ககிட்ட யாரும் கேட்டு எடுக்கலம்மா" என்றாள். எனக்கு அவள் சொன்னது விளங்கியது. ஆனாலும் சீட்டைக் கொடுக்கவில்லை.

அறையை நீங்களே போய்ப் பாருங்கள். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம். குளியலறைக் கதவில் கொண்டி உயரத்தில் இருந்தது, பிள்ளைக்கு எட்டாது. உள்ளே போனால் அவளே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மல்லிகா மேடம் சொன்னார்கள். வீட்டுக்காரர் கீழே இன்னொரு கொண்டி வைத்தார். அது சரியாக விழுகிறதா என்று அவரே முழங்காலில் உட்கார்ந்து பத்துத் தடவை போட்டுப் பார்த்தார். அவள் கத்தரிக்காய் தின்ன மாட்டாள் என்று ஸ்டெல்லா சொன்னாள். அன்றையிலிருந்து இந்த வீட்டில் கத்தரிக்காய் இல்லை. அவருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர்.

மல்லிகா மேடம் வீடு பார்க்க வந்தபோது, "நீங்க ரொம்ப ஜெபிக்கிற ஆளுங்க. பிள்ளைய அதுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார்கள். "நான் பெத்த ரெண்டையும் கட்டாயப்படுத்தித்தான் முழங்கால் போட வச்சேன் மேடம். ஞாயித்துக்கிழமை ஒருத்தன் கிரிக்கெட் ஆடுதான், ஒருத்தி ஒன்பது மணி வரை தூங்குதா. இனி யாரையும் கட்டாயப்படுத்த எங்கிட்ட தெம்பு இல்ல" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்கள். பிள்ளையின் அப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். அவர் செய்த காரியம் என்ன, இப்போது எங்கே இருக்கிறார் என்பது. "வளர்க்கப் போறவங்களுக்குத் தெரியணும், அதனால சொல்றேன். ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒரு இடத்துலதான் அவ மத்த பிள்ளைங்க மாதிரி இருக்கா. இந்த ரூமை விட்டு இது வெளிய போகக் கூடாது" என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

பிள்ளையை ஆபீசில் வைத்து இரண்டு தடவை பார்த்தோம். இரண்டாம் தடவை, "வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பக்கத்து வீட்ல?" என்றாள். அங்கேயும் இல்லை என்றேன். "அப்ப வர்றேன்" என்றாள். அடுத்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கிப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று.

இனிமேல் சொல்வதுதான் உங்கள் ஃபைலில் இருக்கிறது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம். முப்பது வருஷமாக நான் ஒரு வெள்ளிக்கிழமை தப்பினதில்லை. ஜெனிஸ்டன் பிறந்த வாரம் மட்டும் போகவில்லை. வீட்டில் ஒரு காரியம் என்றால் சங்கத்தில் ஜெபக்குறிப்பு கொடுப்போம், எல்லாரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்பார்கள். அப்படித்தான் பெனிட்டாவுக்கு மாப்பிள்ளை வந்தது, அப்படித்தான் இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மொட்டையாக 'ஒரு காரியமாக' என்று சொன்னால் எங்கள் செயலாளர் வயலட் அக்காள் விட மாட்டாள். "விவரமாச் சொல்லுங்க, விவரம் தெரிஞ்சாத்தான பாரத்தோட ஜெபிக்க முடியும்" என்பாள். ஆனால் அவள் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் ஆறு மாசம் ஆகிறது, அதை இதுவரை ஜெபக்குறிப்பில் கொடுத்ததில்லை. எனக்கெதற்கு அந்தக் கதை. உங்களிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

பிள்ளை வருவதற்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை, என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். நானே வாய்விட்டு ஜெபித்தேன். ஆண்டவரிடம் பாதியை மறைத்துப் பாதியைச் சொல்ல எனக்குத் தெரியாது மேடம். பிள்ளையின் பேரைச் சொன்னேன். அவள் அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். அப்பா செய்ததைச் சொன்னேன். அவள் ராத்திரி அலறாமல் தூங்க வேண்டும் என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன். நாற்பது பேர் ஆமென் சொன்னார்கள். நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் வயலட் அக்காள் அதை அப்படியே எங்கள் ஜெபக் குரூப்பில் டைப் பண்ணிப் போட்டாள். பேரோடு. நல்ல எண்ணத்தில்தான் போட்டாள்.

சங்கத்துக்கு வருகிற ஒருத்தியின் மகள் பிள்ளையோடு ஒரே வகுப்பு. திங்கட்கிழமை அந்தச் சிறுமி போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா பண்ணதச் சொல்லி எங்க அம்மா அழுதாங்க. நாங்க வீட்ல எல்லாரும் உனக்காக ஜெபம் பண்ணோம்" என்று சொல்லியிருக்கிறாள். கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொல்லியிருக்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளை செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. ஹோம் அடுப்படியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் சோறு தொடவில்லை. ஸ்டெல்லா எனக்குப் போன் போட்டாள். "ஏட்டி தங்கபுஷ்பம், நீ ஜெபம் பண்ணியா, தண்டோரா போட்டியா?" என்றாள். எட்டாம் வகுப்புத் தோழி, அப்படித்தான் கேட்பாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். ஆண்டவரிடம்தான் சொன்னேன் என்றேன். மல்லிகா மேடத்திடமும் அதையே சொன்னேன். "அங்க எல்லாரும் கண்ண மூடித்தான் இருந்தாவ" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவே இல்லை. "கண்ண மூடினா காதும் மூடிக்கிடுமா?" என்றார்.

நான் அவரோடு மூன்று நாள் பேசவில்லை. சோறு வைப்பேன், போய்விடுவேன். சனிக்கிழமை வந்தது. பிள்ளை வர வேண்டிய நாள். வரவில்லை. விரித்து வைத்த படுக்கையைப் பார்த்தேன். அப்புறம் வந்து அவரிடம், "மூடாது" என்றேன். "ம்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்றேன். அன்றைக்கு நான் சொன்னதை எல்லாரும் மறந்துவிடுங்கள், போனில் இருப்பதை அழித்துவிடுங்கள், பேரைச் சொல்லி யாரும் ஜெபிக்க வேண்டாம் என்றேன். வயலட் அக்காள், "ஜெபிக்காதன்னு சங்கத்துல வந்து சொன்ன மொத ஆளு நீதான்" என்றாள். இன்னொருத்தி, "ஊரான் பிள்ளைய எடுக்கதுக்கு முன்னாடியே புத்தி மாறிட்டு பாத்தியளா" என்றாள். சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? போய் உட்காரவில்லை. ஒவ்வொருத்தியிடமும் போனைக் கையில் வாங்கி, அந்தச் செய்தியை அழிக்க வைத்தேன். எனக்கு அதெல்லாம் தெரியாது, அந்தச் சிறுமியின் அம்மாதான் எப்படி அழிப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். வாட்ஸப் இருந்தது இருபத்தாறு போனில். வயலட் அக்காள் மட்டும் தரவில்லை. அவள் வீட்டு கேட்டில் போய்ச் சாயங்காலம் வரை நின்றேன். அவள் மகன் வெளியே வந்து, "அம்மா அழிச்சிட்டாங்க சித்தி, போங்க" என்றான். காட்டச் சொன்னேன். காட்டினான். பிறகுதான் வந்தேன்.

அதற்குப் பிறகு நான் சங்கத்துக்குப் போகவில்லை. வீட்டிலும் வாய் திறந்து ஜெபிப்பதில்லை. முழங்கால் போடுகிறேன், உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து வருகிறேன். என்ன ஜெபித்தாய் என்று இவர்கூடக் கேட்பதில்லை.

மல்லிகா மேடம் மாற்றலாகிப் போவதற்கு முன்னால் ஒரு நாள் வந்தார்கள். நல்ல மனுஷி. எனக்காக ஒரு விளக்கக் கடிதம் அவர்களே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். 'தெரியாமல் நடந்துவிட்டது, குழந்தைகள் நலக் குழு மன்னிக்க வேண்டும்' என்று. கையெழுத்துப் போடுங்கள், ஃபைல் மறுபடி நகரும் என்றார்கள். நான் போடவில்லை. அதனால்தான் ஃபைல் அங்கேயே நிற்கிறது, அதனால்தான் நீங்கள் இன்றைக்கு வந்திருக்கிறீர்கள்.

ஜெனிஸ்டன் போன் செய்தான். "விட்டுருமா. ஆண்டவரே கதவ அடச்சுட்டாருன்னு நினைச்சுக்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவன் எனக்கு ஆண்டவருடைய சித்தம் சொல்கிறான். பெனிட்டா, சோப்பு டப்பாவைப் பரணில் இருந்து எடுத்துவிட்டாயா என்று மட்டும் கேட்டாள். எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன்.

நீங்கள் கொண்டு வந்திருக்கிற தாளில் இரண்டு பெட்டி இருக்கிறது, பார்த்தேன். தவறு தெரியாமல் நடந்தது என்று ஒன்று. விருப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒன்று. இரண்டிலும் நான் டிக் போட மாட்டேன் மேடம். தெரியாமல் நடக்கவில்லை. கதவைச் சாத்திச் சொன்னார்கள், நான் தலையாட்டினேன், எட்டு நாளில் சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன். அதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் குழுவில் என்னை வேண்டாம் என்று சொல்வார்கள் என்கிறீர்கள். சொல்லட்டும். பொய் எழுதி ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்து, அவளிடம் உண்மை பேசு என்று நான் எந்த வாயால் சொல்ல?

மன்னிப்பு கேட்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழுவின் மேசைக்கு நான் ஒன்றும் தப்பு செய்யவில்லை. உங்களுக்கும் செய்யவில்லை. தப்பு நடந்தது ஒன்பது வயசுப் பிள்ளைக்கு. அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னை யாரும் சொல்ல விடவும் இல்லை. மூன்று மாசம் ஆகிறது. அந்த அம்மாள் நம்மைக் கூப்பிட்டாள், பிறகு ஊருக்கெல்லாம் சொன்னாள், பிறகு காணாமல் போய்விட்டாள் என்றுதானே அவள் கணக்கில் இருக்கும்? மற்றவர்கள் எல்லாரும் அவளுக்குச் செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன்? அவள் என்னை ஏசட்டும். வர மாட்டேன் என்று சொல்லட்டும். அவள் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். குழு சொன்னால் மறுபடியும் எழுதிப் போடுவேன், எனக்கு வயசு இருக்கிற வரைக்கும்.

காபி ஆறிப்போயிற்று, வேறு போட்டுத் தரட்டுமா? வேண்டாமா? சரி, ஊற்றவில்லை.

நீங்கள் இங்கேயிருந்து நேரே ஹோமுக்குத்தான் போகிறீர்கள் என்று டிரைவர் சொன்னார். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நான் உள்ளே வர மாட்டேன், கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். நீங்கள் உள்ளே போய் அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த ஆன்ட்டி உன்கிட்ட ஒன்று சொல்ல வந்திருக்கிறார்கள், கேட்க உனக்கு இஷ்டமா என்று. இல்லை என்றால் இல்லை என்றே வந்து சொல்லுங்கள். நான் பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன்.